மௌனம் சம்மதம்: ஒரு பெயர் பயங்கரவாதப் பட்டியலில் ஏறும் விதம்

கோலாலம்பூரில் நம்மவர்கள் கூடும் இடத்தில் ஈழப் பேச்சு எழுந்தால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர் "என்ன இருந்தாலும் ஐ.நா.வே தடை பண்ணின இயக்கம்ங்க" என்று முடித்துவைப்பார். எதிரில் இருப்பவர் "ஐ.நா. எப்பவும் அமெரிக்காக்காரன் சொல்றதைத்தானே கேக்கும்" என்பார். சண்டை போடும் இந்த இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: ஐ.நா. தடை செய்தது என்பதில். அதுதான் நடக்கவே இல்லை. விடுதலைப் புலிகள் இயக்கம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் பட்டியலில் ஒரு நாளும் இருந்ததில்லை. தடை செய்தவை தனித்தனி நாடுகள்: இந்தியா 1992இல், அமெரிக்கா 1997இல், பிரிட்டன் 2001இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இல். மலேசிய உள்துறை அமைச்சு பட்டியலிட்டது 2014 நவம்பரில், அதாவது முள்ளிவாய்க்காலுக்கு ஐந்தரை ஆண்டுகள் கழித்து. யார் தடை செய்தது, எந்த அதிகாரத்தில், எப்படி என்று தெரியாமல் நடக்கும் வாதம் எந்தப் பக்கம் போனாலும் வீண்தான்.

எல்லாப் பயங்கரவாத அமைப்புகளையும் அடக்கிய பொதுப் பட்டியல் ஐ.நா.விடம் கிடையாது. இருப்பது 1999 அக்டோபரில் 1267ஆம் தீர்மானத்தால் பிறந்தது. முதலில் தாலிபானுக்கு, 2000 டிசம்பரில் 1333ஆம் தீர்மானம் பின் லாடனையும் அல்-காயிதாவையும் சேர்த்தது, 2011இல் தாலிபான் தனிப் பட்டியலுக்குப் போனது, 2015 டிசம்பரில் 2253ஆம் தீர்மானம் ஐ.எஸ்.ஸைச் சேர்த்தது. இதில் ஒரு பெயர் ஏற வேண்டுமானால் அல்-காயிதாவுடனோ ஐ.எஸ்.ஸுடனோ தொடர்பு காட்டியாக வேண்டும். எத்தனை குண்டு வைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் அங்கே போதாது. அதனால்தான் புலிகள், ஹமாஸ், ஹிஸ்புல்லா, குர்துகளின் பிகேகே எதுவும் அதில் இல்லை. மற்ற இயக்கங்களுக்கெல்லாம் வழி 2001 செப்டம்பர் 28இல் நிறைவேறிய 1373ஆம் தீர்மானம். பயங்கரவாதிகளின் சொத்தை முடக்கியே ஆகவேண்டும் என்று அது எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. யார் பயங்கரவாதி என்று மட்டும் சொல்லவில்லை. அதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த இடைவெளிக்குள்தான் கடந்த இருபது வருடத்துக்கும் மேலான அரசதந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு சின்னத் தகவல்: 1267 நிறைவேறியபோது மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் உறுப்பினர், ஆதரித்து வாக்களித்தது. அடுத்த ஆண்டு 1333 வந்தபோது ஒதுங்கிக்கொண்டது. வாக்களிக்காமல் இருந்தவை இரண்டே நாடுகள், சீனாவும் மலேசியாவும். ஏற்கெனவே நொந்துகிடக்கும் ஆப்கான் மக்கள்மேல் இன்னொரு தடையா என்பது விஸ்மா புத்ராவின், அதாவது மலேசிய வெளியுறவு அமைச்சின் வாதம். ஒன்பது மாதம் கழித்து நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தபின் அந்த வாதத்தைக் காதில் வாங்க ஆளில்லை.

பதினைந்து நாடுகள், பத்து வேலை நாள்கள்

1267 குழுவில் பாதுகாப்பு மன்றத்தின் பதினைந்து நாடுகளும் இருக்கின்றன. பெயர் முன்மொழியும் நாடு படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும்: முழுப்பெயர், புனைபெயர்கள், பிறந்த தேதி, குடியுரிமை, பாஸ்போர்ட் எண், அதோடு இன்னின்ன செயலால் அல்-காயிதாவுடனோ ஐ.எஸ்.ஸுடனோ தொடர்பு என்ற விளக்க அறிக்கை. குழுத் தலைவர் அதை எல்லாருக்கும் அனுப்பிப் பத்து வேலை நாள் அவகாசம் தருவார். கைதூக்கும் வாக்கெடுப்பு கிடையாது. அவகாசம் முடியும்வரை யாரும் மறுத்து எழுதாவிட்டால் பெயர் ஏறிவிடும். கோயில் ஆண்டுக்கூட்டத்தில் "ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டு, சத்தம் வராவிட்டால் தீர்மானம் நிறைவேறியது என்று குறிப்பேட்டில் எழுதுவார்களே, அதே கணக்கு. கருத்தொற்றுமை என்று செய்தியில் வரும் சொல்லுக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பதினைந்து நாடுகள் சேர்ந்து நம்பின என்று அதற்குப் பொருளில்லை. பதினைந்தில் ஒன்றுகூட எழுதவில்லை என்பதே பொருள்.

மறுப்பிலும் இரண்டு வகை. நேராக ஆட்சேபித்தால் முன்மொழிவு அங்கேயே விழும். 'இன்னும் தகவல் வேண்டும்' என்று நிறுத்திவைப்பது இன்னொன்று; பத்திரிகைகள் 'டெக்னிக்கல் ஹோல்ட்' என்று எழுதுவது இதைத்தான். ஆறு மாதம் வைத்திருக்கலாம், மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், கடைசி நாளில் ஆட்சேபணையாக மாற்றியும் விடலாம். குழு மூடிய கதவுக்குள் கூடுகிறது. யார் நிறுத்தினார்கள் என்று அதிகாரபூர்வமாக அறிவிப்பதில்லை. ஆகவே நிறுத்திவைப்பவருக்குச் செலவே கிடையாது. வீட்டோ போட்டால் உலகம் பார்க்கும். இதை யாரும் பார்ப்பதில்லை.

மசூத் அசார் விவகாரத்தைப் பார்த்தால் இந்த இயந்திரத்தின் பல்சக்கரம் ஒவ்வொன்றும் தெரியும். அவர் பாகிஸ்தானில் தொடங்கிய ஆயுத இயக்கம் ஜெய்ஷ்-இ-முகமது 2001 அக்டோபரிலேயே பட்டியலில் ஏறிவிட்டது. தலைவர் ஏறவில்லை. இந்தியா 2009இல் முயன்றது, பதான்கோட் தாக்குதலுக்குப் பின் 2016இல் முயன்றது, 2017இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் முயன்றன. ஒவ்வொரு முறையும் எங்கோ தட்டியது. 2016க்குப் பின் தட்டியது சீனாவிடம். (2016இல் மலேசியாவும் மன்றத்தில் இருந்தது; தடுக்கவில்லை.) காஷ்மீரில் நடந்த புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019 பிப்ரவரி 27இல் அந்த மூன்று நாடுகளும் மீண்டும் பெயரைக் கொடுத்தன. அவகாசம் முடியும் மார்ச் 13இல் சீனா மறுபடி நிறுத்தியது.

அமெரிக்கா அடுத்துச் செய்ததுதான் ஆட்டத்தை மாற்றியது. குழுவை விட்டுவிட்டு, அதே பெயரை ஒரு தீர்மான வரைவாக எழுதி முழுப் பாதுகாப்பு மன்றத்திடமே மார்ச் இறுதியில் சுற்றுக்கு விட்டது. இப்போது தடுக்க வேண்டுமென்றால் சீனா கேமரா முன்னால் கையைத் தூக்க வேண்டும். குழுவைத் தாண்டிப் போவது முறையல்ல என்று பெய்ஜிங் கண்டித்தது; பின்கதவில் பேச்சு நடந்தது; திருத்தப்பட்ட ஆவணம் வந்தது; மே 1இல் பெயர் ஏறியது. குழு வெளியிட்ட காரணச் சுருக்கத்தில் புல்வாமா இல்லை. காஷ்மீரோடு இணைத்த வரிகள் போனதால்தான் ஒத்துக்கொண்டோம் என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டது. பெயர் ஏறியதே வெற்றி என்று டெல்லி சொல்லிக்கொண்டது. பத்தாண்டுப் பேச்சுவார்த்தையின் விளைவு, இரு தரப்பும் தத்தம் ஊரில் கொண்டாடக்கூடிய ஒரு காகிதம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்தத் துறையில் கருத்தொற்றுமை பிறக்கும் இயல்பான வழியே இதுதான்.

வேகமாகவும் நடக்கும். 2002 அக்டோபர் 12இல் பாலியில் குண்டு வெடித்தது. அக்டோபர் 25இல் ஜெமா இஸ்லாமியா பட்டியலில். பதின்மூன்று நாள். அடிவாங்கிய இந்தோனேசியாவே முன்மொழிந்தவர்களில் ஒன்று என்பதால், நிறுத்திவைக்க யாருக்கும் முகம் இல்லை. மிதமிஞ்சிய வேகத்துக்கும் உதாரணம் உண்டு: 2004 மார்ச் 11இல் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த அன்றே பாதுகாப்பு மன்றம் 1530ஆம் தீர்மானத்தில், இது பாஸ்க் இயக்கமான ஈட்டாவின் வேலை என்று பெயர் சொல்லிக் கண்டித்தது. ஸ்பெயின் அரசு வற்புறுத்தியது. மூன்று நாளில் அங்கே தேர்தல். செய்தவர்கள் ஈட்டா அல்ல, ஜிகாதிகள். தீர்மானம் இன்றும் அப்படியே கோப்பில் இருக்கிறது.

2002 ஏப்ரல், கோலாலம்பூர்

பெயர் பெயராகப் பேரம் பேசும் இந்த முறைக்கு மாற்று ஒன்று மேசைக்கு வந்தது நம் ஊரில்தான். 2002 ஏப்ரல் 1 முதல் 3 வரை, அப்போது இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு என்று அழைக்கப்பட்ட ஓஐசியின் வெளியுறவு அமைச்சர்கள் பயங்கரவாதம் பற்றிப் பேசவென்றே கோலாலம்பூரில் சிறப்புக் கூட்டம் கூடினார்கள். தொடக்கவுரையில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஓர் அளவுகோலை முன்வைத்தார். செய்தவன் யார், எந்த இலட்சியத்துக்காகச் செய்தான், சீருடை போட்டிருந்தானா என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். தாக்கப்பட்டவர் பொதுமக்களா என்று மட்டும் பாருங்கள். ஆமென்றால் அது பயங்கரவாதம். அந்தக் கணக்கில் செப்டம்பர் 11 பயங்கரவாதம், பாலஸ்தீனத் தற்கொலைத் தாக்குதல்களும் பயங்கரவாதம், பொதுமக்கள்மீது இஸ்ரேல் இராணுவம் நடத்தும் தாக்குதலும் பயங்கரவாதம்.

அவர் தேர்ந்த நேரம் அதைவிட மோசமாக இருந்திருக்க முடியாது. மார்ச் 27இல் இஸ்ரேலின் நெதன்யா நகர ஹோட்டல் ஒன்றில் தற்கொலைக் குண்டுதாரி முப்பது பேரைக் கொன்றிருந்தான். 29ஆம் தேதி இஸ்ரேல் டாங்கிகள் மேற்குக்கரைக்குள் நுழைந்தன. அராஃபாத் ரமல்லாவில் தன் அலுவலகத்துக்குள்ளேயே முற்றுகையில். அந்த வாரத்தில் அரபு அமைச்சர்களிடம் போய் இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? மூன்றாம் நாள் வந்த கோலாலம்பூர்ப் பிரகடனம், பாலஸ்தீனப் போராட்டத்தைப் பயங்கரவாதத்தோடு இணைக்கும் எந்த முயற்சியையும் நிராகரித்தது. பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரையறையை ஐ.நா.வின் பக்கம் தள்ளிவிட்டது. ஓஐசிக்கு 1999இல் வாகடூகுவில் இயற்றிய சொந்த உடன்படிக்கை ஏற்கெனவே இருந்தது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் ஆயுதப் போராட்டம் பயங்கரவாதம் ஆகாது என்கிறது அது. பெரும்பான்மை அந்த நிழலிலேயே ஒதுங்கிக்கொண்டது.

ஐ.நா.வில் என்ன ஆனது? 1996இல் இந்தியா முன்மொழிந்த முழுமையான பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை, அதே ஆண்டுகளில் ஒரே ஒரு பிரிவில் சிக்கிக்கொண்டது. யாருக்கு விலக்கு என்பது அந்தப் பிரிவு. பேச்சுவார்த்தை ஒருங்கிணைப்பாளரின் வரைவு, ஆயுத மோதலின்போது 'ஆயுதப் படைகள்' செய்பவை இந்த உடன்படிக்கைக்குள் வராது என்றது. ஓஐசி நாடுகள் 'மோதலில் ஈடுபட்ட தரப்புகள்' என்று எழுதக் கேட்டன, அதோடு 'அந்நிய ஆக்கிரமிப்புச் சூழல் உட்பட' என்று சேர்க்கவும் கேட்டன. படைகள் என்று எழுதினால் விலக்கு சுருங்கும். தரப்புகள் என்று எழுதினால் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் போராளி இயக்கங்களும் விலக்குக்குள் வந்துவிடும். அரசின் இராணுவம் தன் கடமையில் செய்வதற்கான விலக்கும் இதே மாதிரி: வேறு சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தால் போதுமா, அந்தச் சட்டத்தை மீறாமலும் இருக்க வேண்டுமா? முதலாவது வரைவில் இருந்தது. இரண்டாவது ஓஐசி கேட்டது. இன்றுவரை முடியவில்லை. 1937இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் இப்படியொரு உடன்படிக்கை செய்தபோது அதை உறுதிப்படுத்திய ஒரே நாடு அன்றைய பிரிட்டிஷ் இந்தியா. அது நடைமுறைக்கே வரவில்லை. ஆசியான் இந்தத் தலைவலியே வேண்டாமென்று, 2007இல் செபுவில் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் வரையறை எழுதாமல், விமானக் கடத்தல், பணயக்கைதி, குண்டுவெடிப்பு என்று ஏற்கெனவே இருக்கும் ஐ.நா. ஒப்பந்தங்களின் பட்டியலைச் சுட்டிவிட்டு நகர்ந்தது. புத்திசாலித்தனம்தான்.

மகாதீரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அந்த ஏப்ரலில் அவர் நீட்டிய அளவுகோல்தான் இதுவரை வந்ததில் நேர்மையானது என்பது என் கருத்து. நமக்கு அது வசதியாக இருக்காது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதும், 1996இல் கொழும்பு மத்திய வங்கியைத் தகர்த்ததும் அந்த அளவுகோலில் தப்பாது. 2009இல் வன்னியில் மருத்துவமனைகள்மேல் விழுந்த எறிகணையும் தப்பாது. பெயர்ப்பட்டியல் முறையில் முதல் இரண்டு மட்டுமே பிடிபடும், ஏனென்றால் பட்டியலில் அரசுகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதுவதில்லை. கோலாலம்பூரில் வரையறை தோற்ற அந்த மூன்று நாளுக்குப் பிறகு மீதி இருந்தது பட்டியல் மட்டும்தான்.

நம் நாட்டுச் சட்டத்தில்

மலேசியாவில் இரண்டு கதவுகள். 2001ஆம் ஆண்டுப் பணமோசடி, பயங்கரவாத நிதித் தடுப்புச் சட்டத்தின் 66சி பிரிவு பாதுகாப்பு மன்றப் பட்டியலை உள்நாட்டுக்குக் கொண்டுவருகிறது. 66பி பிரிவில் போலீஸ் தரும் தகவலில் திருப்தி ஏற்பட்டால் உள்துறை அமைச்சரே ஓர் அமைப்பையோ ஆளையோ அரசிதழில் அறிவிக்கலாம். 1373இன் வாரிசு இது. புலிகள் வந்தது இந்தக் கதவு வழியாக. நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை, நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை. ஹமாஸ் இரண்டு கதவாலும் வரவில்லை. பாதுகாப்பு மன்றம் விதிக்காத, ஒரு நாடு தன்னிச்சையாக விதிக்கும் தடையை ஏற்க மாட்டோம் என்று 2023 நவம்பரில் பிரதமர் அன்வார் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே வாதத்தைப் புலிகள்மேல் வைத்துப் பாருங்கள்: அங்கேயும் பாதுகாப்பு மன்றம் எதுவும் விதிக்கவில்லை. கொள்கை என்று எதுவும் இல்லை, நட்பு நாடுகளின் கணக்குதான் என்று சிலர் சொல்வதை மறுக்க எனக்குக் கடினமாக இருக்கிறது.

அறிவிப்பு வந்ததும் வேலை வங்கிகளுக்கும், பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் இருக்கும் பணமாற்றுக் கடைகளுக்கும் போகிறது. தாமதமின்றி முடக்க வேண்டும். சர்வதேச அளவீட்டில் அது சில மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள். வாடிக்கையாளர் பெயர்களை மென்பொருள் பட்டியலோடு ஒப்பிடும். சிக்கல் இங்கேதான், அதுவும் தமிழ்ப் பெயர்களில். மூர்த்தியை ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதலாம். மலேசிய அடையாள அட்டையில் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்) போட்டு அப்பா பெயர் வரும். தமிழ்நாட்டுக்காரருக்கு வெறும் இனிஷியல். யாழ்ப்பாணத்துக்காரரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் நிற்கும். குடும்பப்பெயர் எது என்று மென்பொருள் தேடி ஏமாறும். இங்கே பிறந்தவருக்குப் பன்னிரண்டு இலக்க அட்டை எண் காப்பாற்றிவிடும், முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பதால் ஐந்து நிமிடத்தில் ஆள் வேறு என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுத் தமிழருக்கு, பட்டியலில் பிறந்த தேதியோ பாஸ்போர்ட் எண்ணோ இல்லாவிட்டால், அனுப்பிய பணம் நடுவில் நிற்கும். இலங்கை 2014 மார்ச்சில் 1373ஐக் காட்டி 16 அமைப்புகளையும் 424 பேரையும் ஒரே அரசிதழில் ஏற்றியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, 8 அமைப்புகள் இறங்கின. 2021இல் வேறு ஆட்சி, பல மீண்டும் ஏறின. 2022இல் பணநெருக்கடி, பல மீண்டும் இறங்கின. இடையில் எந்த அமைப்பும் தன் வேலையை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஐ.நா. பட்டியலில் இதைக் கொஞ்சம் சரிசெய்தது ஒரு வழக்கு. சவூதித் தொழிலதிபர் காதியின் சொத்தை, அவர் பக்கத்தைக் கேட்காமலே முடக்கியது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பாதுகாப்பு மன்றம் ஒரு குறைதீர் அதிகாரியை நியமிக்க ஒத்துக்கொண்டது. அவர் விசாரித்து நீக்கலாம் என்று பரிந்துரைத்தால், அறுபது நாளுக்குள் பதினைந்து நாடுகளும் ஒருமனதாக வேண்டாமென்று சொன்னால் ஒழிய, அல்லது ஒரு நாடு முழு மன்றத்துக்கு எடுத்துப்போனால் ஒழிய, பெயர் இறங்கிவிடும். மௌனம் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் ஐ.எஸ்., அல்-காயிதா பட்டியலுக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புலிகள் தொடுத்த வழக்கில், ஆதாரமாகக் காட்டியது பத்திரிகை, இணையச் செய்திகள்தான் என்று சொல்லி 2014 அக்டோபர் 16இல் நீதிமன்றம் பட்டியலிட்டதை ரத்து செய்தது. 2017இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிந்தைய முடிவுகளின் பேரில் பெயர் மட்டும் தொடர்ந்தது. அந்த முதல் தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத நேரத்தில்தான் மலேசியா பட்டியலிட்டது.

66பியில் குறைதீர் அதிகாரி இல்லை. பட்டியலிட்ட அமைச்சரிடமே மனுப் போட வேண்டும். இல்லாமல்போன இயக்கத்துக்காக யார் போடுவார்? போட்டால் அவர் உறுப்பினர் என்றாகிவிடாதா? 2019 அக்டோபரில் ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்படப் பன்னிரண்டு பேரைப் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமான், சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் கைது செய்தபோது இந்தக் கேள்விகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. முந்தைய ஆண்டு மலாக்காவில் நடந்த மாவீரர் நாள் நிகழ்வு, கைப்பேசியில் பிரபாகரன் படம், முகநூல் பதிவு: குற்றச்சாட்டுகளின் சாரம் பெரும்பாலும் இதுதான். ஆதரவு அளித்ததற்கான தண்டனைச் சட்ட 130ஜே பிரிவில் ஆயுள் தண்டனைவரை போகலாம். பொருள் வைத்திருந்ததற்கான 130ஜேபியில் ஏழு ஆண்டுவரை. 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லா வழக்கையும் கைவிட்டார். ஒரு தலைவரின் படம் போனில் இருப்பதாலேயே ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார், லெனின், மாவோ, சே குவேரா படம் வைத்திருப்பவரைப் போலத்தான் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அது அரசியலமைப்பின் 145(3) தரும் விருப்புரிமை. அந்தப் பன்னிரண்டு பேருக்குச் செல்லும். அடுத்து வரும் சட்டத்துறைத் தலைவரைக் கட்டுப்படுத்தாது. 66பி உத்தரவை அது தொடவும் இல்லை.